மாடியில் பூத்துக் கொட்டும் செடிகளுக்கு என்ன உரம் போடுவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியும். தாம்பரம் பக்கம் ஒரு வீட்டு மொட்டை மாடி. மார்ச் கடைசியில் இருபது குரோ பேக், எல்லாமே 12 அங்குலப் பை, கோகோபீட்டும் (தென்னை நார்த் துகள்) மண்புழு உரமும் கலந்து நிரப்பி தக்காளி, கத்தரி, வெண்டை, பாகல், சுரை, அவரை போட்டிருக்கிறார். மேலே 50 சதவீதப் பச்சை நிழல் வலை. வாரத்தில் ஒரு நாள் மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்த மீன் அமிலம், இன்னொரு நாள் பஞ்சகவ்யம். இப்போது ஜூன். செடிகள் கரும்பச்சையாக நெடுநெடுவென்று நிற்கின்றன, பூக்கின்றன, பூவெல்லாம் கொட்டிவிடுகிறது. வெண்டை மட்டும் கொஞ்சம் காய்த்தது. சுரை பெரிய இலையாக விட்டு, மத்தியானம் துவண்டு விழுகிறது. தப்பித் தவறிப் பிடித்த இரண்டு தக்காளியும் அடியில் கருத்துப் போயின. பக்கத்து வீட்டுக்காரர் டிஏபி உரம் போடச் சொல்கிறார், யூடியூபில் போரிக் அமிலம் தெளிக்கச் சொல்கிறார்கள். எதைப் போடுவது, இல்லை எல்லாவற்றையும் கொட்டிவிட்டுச் செம்மண் நிரப்பிவிடலாமா என்பது கேள்வி.

உரத்தின் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, பூ ஏன் காயாக மாறவில்லை என்பது. நான் தோட்டக்கலை படித்தவன், பல வருடங்களாக நாற்றுப்பண்ணை வேலையில் இருக்கிறேன். இதே கேள்வியோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு உரம் போதாமல் போனதில்லை, அதிகமாகித்தான் போயிருக்கிறது. உங்கள் செடிகளை நேரில் பார்க்காமல் சொல்கிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இலையின் அடிப்பக்கத்தையும் வேரையும் பார்த்தால்தான் சில விஷயங்கள் தெரியும். ஆனாலும் நீங்கள் கொடுத்த விவரத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது.

முதலில் தக்காளி. தக்காளிப் பூ காயாவது பகல் வெயிலை விட இரவுச் சூட்டைப் பொறுத்தது. 15 முதல் 20 டிகிரி இரவு அதற்குச் சுகமாக இருக்கும். 24 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் நலிந்து, பூ காம்போடு மஞ்சளாகி உதிரும். சென்னையில் மே, ஜூன் இரவுகள் பெரும்பாலும் 27 டிகிரியை ஒட்டியே இருக்கும். நம் சந்தைக்குக் கோடையில் தக்காளி ராயக்கோட்டையிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும் வருகிறதென்றால், அந்த மேட்டு நிலங்களின் இரவு குளிர்ச்சிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. மார்ச் கடைசியில் விதைத்த உங்கள் தக்காளி, பூக்கும் வயதுக்கு வரும்போது சரியாகக் கத்திரி வெயிலில் மாட்டிக்கொண்டது. எந்த உரமும் இரவைக் குளிர வைக்காது. செடியின் மேல் தப்பில்லை, தேதியின் மேல்தான் தப்பு.

அவரையும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. நம் ஊர்ப் பந்தல் அவரை பகல் பொழுது குறையும்போதுதான் பூக்கும். அதனால்தான் ஆடியில் ஊன்றி, மார்கழி தையில் பறிப்பது வழக்கம். மார்ச்சில் போட்டால் அது மாதக்கணக்கில் கொடியாகவும் இலையாகவும் ஓடி, உங்கள் தண்ணீரையும் உரத்தையும் தின்றுகொண்டிருக்கும். பந்தலில் இடமிருந்தால் விட்டு வையுங்கள், மார்கழியில் காய்க்கும். இல்லையென்றால் பிடுங்கிவிட்டு ஆடியில் புதிதாக ஊன்றுங்கள். எல்லா மாதமும் காய்க்கிற செடி அவரை என்று விற்கப்படுவது வேறு ரகம். பாக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெண்டை சூட்டைத் தாங்கும், அதனால்தான் உங்களுக்கு அது மட்டும் கைகொடுத்தது. கொத்தவரை, தண்டுக்கீரை, சுரை, பீர்க்கு இவையும் வெயில் காலத்தில் நிற்கிற ஆட்கள். வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்துவிடுங்கள். ஒரு காயை முற்ற விட்டாலும் செடி விதை பிடிப்பதில் இறங்கிவிடும், அடுத்த பூ குறையும்.

கத்தரியில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். காலையில் விரிந்த பூக்களை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நடுவே மஞ்சளாக ஒரு கூம்பு தெரியும், மகரந்தம் அதற்குள்தான் இருக்கிறது. சில பூக்களில் அந்தக் கூம்பின் நுனியைத் தாண்டி, பச்சையாக ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது சூல்முடி. சில பூக்களில் நுனிக்குச் சமமாக நிற்கும். வேறு சிலவற்றில் வெளியே எதுவுமே தெரியாது, உள்ளேயே குட்டையாக அடங்கியிருக்கும். நீண்டதும் சமமானதும் காயாகும். குட்டையானது உதிரும், அதற்கு நீங்கள் எதுவும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். எல்லாக் கத்தரிச் செடியிலும் ஒரு பங்கு பூ இப்படி வீணாகத்தான் போகும். ஆனால் பத்துப் பூ பார்த்தால் பத்தும் குட்டை என்றால், செடி சிரமத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கடும் வெயில், வேர் நெருக்கம், தண்ணீர் ஒழுங்கின்மை இவைதான் வழக்கமான காரணங்கள். உங்கள் செடிகளை இப்போது பிடுங்க வேண்டாம். பையின் மண் மட்டத்திலிருந்து ஒரு அடி விட்டு வெட்டி, ஒரு கை மக்கிய சாணி எரு போட்டு விடுங்கள். புதுத் துளிர் வரும், சூடு தணியும்போது அதில் காய் பிடிக்கும்.

பாகலும் சுரையும் தனி ரகம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக வரும், ஆண் பூ முதலில் வரும். முதல் ஒன்றிரண்டு வாரம் கொட்டுவதெல்லாம் ஆண் பூவாகவே இருக்கலாம். அதன் வேலை ஒரு நாள்தான், முடிந்ததும் உதிர்ந்துவிடும். பூ கொட்டுகிறது என்று பதறி உரம் தேடுகிறவர்களில் பாதிப் பேர் இந்த ஆண் பூக்களைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பாகலில் பத்து, இருபது ஆண் பூவுக்கு ஒரு பெண் பூ என்பது சாதாரணம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம்: பூவின் பின்னால் குட்டிக் காய் ஒன்று ஒட்டியிருந்தால் பெண், வெறும் காம்பு மட்டும் என்றால் ஆண். அந்தக் குட்டிக் காய் மஞ்சளாகிச் சுருங்கி விழுகிறதா என்று பாருங்கள். விழுகிறதென்றால் மகரந்தம் சேரவில்லை என்பதுதான் முதல் சந்தேகம்.

மாடியில் இது நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. சுரையும் பீர்க்கும் சாயங்காலம் பூக்கும். சுரையின் வெள்ளைப் பூ பொழுது சாயும்போது விரிந்து, இரவில் அந்துப்பூச்சிகளை எதிர்பார்த்து நிற்கும், மறுநாள் வெயில் ஏறுவதற்குள் துவண்டுவிடும். பாகலும் பூசணியும் விடிகாலையில் விரியும். காலை பத்து மணிக்குக் காபி குடித்துவிட்டு மாடிக்குப் போனால் சுரைப் பூவின் கதை முடிந்திருக்கும். அதனால் மாலை ஆறரை மணி வாக்கில் போங்கள். நீண்ட மெல்லிய காம்பில் நிற்கும் ஆண் பூ ஒன்றைக் கிள்ளி, இதழ்களை உரித்துவிடுங்கள். நடுத் தண்டில் மாவு மாதிரி மகரந்தம் இருக்கும், விரலில் தொட்டால் ஒட்ட வேண்டும். பெண் பூவின் நடுவே மூன்று மடலாகப் பிசுபிசுப்பாக இருக்கும் சூல்முடியில் அதை மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். மூன்று மடலிலும் பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் ஒரு பக்கமாகக் கோணி வளரும். மூன்று நான்கு நாளில் பிஞ்சின் காம்பு தடித்துக் கீழ்நோக்கி வளைந்தால் பிடித்துவிட்டது. நுனியிலிருந்து மஞ்சள் ஏறினால் பிடிக்கவில்லை. அடுத்த நாளும் முயலுங்கள், சில பெண் பூக்கள் எப்படியும் தங்காது.

பெண் பூ வரும் வேகத்தைக் கூட்டவும் ஒரு வழி உண்டு. சுரையில் பிரதானக் கொடியில் பெரும்பாலும் ஆண் பூதான், பக்கக் கிளைகளில்தான் பெண் பூ அதிகம். கொடி பந்தலை எட்டியதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும். 3ஜி கட்டிங் என்று வீடியோக்களில் ஓடுவது இந்தச் சங்கதிதான். சுரைக்கு அது வேலை செய்கிறது, பாகலுக்கும் ஓரளவு. எல்லாக் கொடிக்கும் கிளை, கிளைக்குக் கிளை என்று மூன்று தலைமுறை வரை கிள்ளு, நூற்றுக்கணக்கில் காய்க்கும் என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. 12 அங்குலப் பையில் இருக்கும் வேர் அத்தனை காயைத் தாங்காது. கோவக்காய் மட்டும் இந்தக் கவலையெல்லாம் இல்லாத கொடி. தண்டு வெட்டி நடும் பெண் கொடிகள் மகரந்தம் சேராமலே காய் தரும்.

தக்காளிக்கும் மாடியில் கொஞ்சம் உதவி வேண்டும். அதன் மகரந்தம் பூ அதிர்ந்தால்தான் கொட்டும். தோட்டத்தில் காற்றும் கருவண்டு மாதிரி ரீங்கரிக்கும் பூச்சிகளும் அதைச் செய்கின்றன. நீங்கள் குளிர் மாதத்தில் அடுத்த முறை போடும்போது, காலை ஒன்பது பத்து மணிக்குப் பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு சுண்டு சுண்டிவிடுங்கள், போதும்.

இப்போது உரத்துக்கு வருகிறேன். கரும்பச்சை இலை, நெடுநெடு வளர்ச்சி, காய் இல்லை. இது தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சியதற்கும் வெயில் குறைந்ததற்கும் பொதுவான அடையாளம். உங்களிடம் இரண்டும் இருக்கிறது. மீன் அமிலம் தழைச்சத்து மிகுந்த திரவம், கீரைக்கு ரொம்ப நல்லது. வாராவாரம் அதைக் குடித்த தக்காளி இலையாகத்தான் வளரும். பூக்கும் வயது வந்ததும் நிறுத்திவிடுங்கள். அப்புறம் அந்த வலை. காய்கறிக்கு நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். 50 சதவீத வலையின் கீழே நாற்றும் கீரையும் நன்றாக இருக்கும், காய்க்கிற செடி வயிற்றுக்குப் போதாமல் நிற்கும். ஏப்ரல் மே உச்சி வெயிலுக்கு 35 சதவீத வலை போதும், ஜூன் கடைசியில் அதையும் சுருட்டி வைத்துவிடலாம். பக்கத்துக் கட்டட நிழலும் விழுகிறதென்றால், ஒரு நாள் உட்கார்ந்து எந்தப் பை மேல் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வெயில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிழல் மூலையைக் கீரைக்கும் புதினாவுக்கும் கொடுத்துவிடுங்கள்.

பஞ்சகவ்யம் பற்றி நேராகச் சொல்கிறேன். கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பிறகு அது ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போயிருக்கிறது. 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி, அதாவது 3 சதவீதம் தெளிப்பது வழக்கமான அளவு. செடி அதில் துடிப்பாவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் இருக்கும் சத்தின் அளவு குறைவு. எருவுக்குப் பதிலாக அதை நம்ப முடியாது, இரவுச் சூட்டில் கொட்டுகிற பூவை அது பிடித்து வைக்கும் என்றும் நம்ப முடியாது. டிஏபியில் 18 சதவீதம் தழைச்சத்தும் 46 சதவீதம் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இருக்கின்றன. ஏற்கெனவே தழைச்சத்து மிஞ்சிய பைக்கு அது இன்னும் தழைச்சத்தைத்தான் கூட்டும், வேண்டாம். போரிக் அமிலத்தில் இருக்கும் போரான் மகரந்தக் குழல் வளரத் தேவையான சத்து என்பது உண்மை. குறைபாடு இருக்கும் இடத்தில் கொடுத்தால் காய்ப்பிடிப்பு கூடுவதும் உண்மை. ஆனால் போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. பையில் கொஞ்சம் கூடிப்போனாலும் இலை ஓரம் கருகும். சேர்த்த எருவிலேயே ஓரளவு இருக்கும். கேரம் போர்டு மேல் தூவ வாங்கிய போரிக் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போக வேண்டாம்.

தக்காளி அடியில் கருத்தது சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) காய் நுனிக்குப் போய்ச் சேராததால். சத்தே இல்லை என்பதை விட, அதைச் சுமந்து போகும் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். ஒரு நாள் பை காய்ந்து, மறுநாள் வழிய வழிய ஊற்றினால் இது வரும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவது கெடுதல் இல்லை, ஆனால் அது கரைய மாதங்கள் ஆகும், இந்தக் காய்க்கு உதவாது. கோகோபீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. நன்றாக அலசாத கட்டியில் உப்பு தங்கியிருக்கும், நம் பக்கத்து போர் தண்ணீரிலும் உப்பு, வாராவாரம் ஊற்றும் திரவத்திலும் கொஞ்சம். பையின் வாயோரம் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால், மழை வரும் நாளில் பைகளை நனைய விடுங்கள், அல்லது நல்ல தண்ணீரை அடியில் வடிய வடிய இரண்டு மூன்று தடவை ஊற்றுங்கள். முழுக்கக் காய்ந்த கோகோபீட் தண்ணீரை உடனே உறிஞ்சாது, பக்கவாட்டில் வழிந்து அடி வழியாக ஓடிவிடும். மேலே ஈரம், கீழே ஓட்டம், நடுவில் வேர் காய்ந்து கிடக்கும். விரலை நடு மூட்டு வரை மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்த்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். கோடையில் காலை மாலை இரண்டு தடவை, மற்ற நாளில் ஒரு தடவை, மழை நாளில் வேண்டாம்.

பையின் அளவையும் சொல்ல வேண்டும். 12 அங்குலப் பையில் 20 லிட்டர் சொச்சம் பிடிக்கும். தக்காளி, கத்தரி, மிளகாய் ஒவ்வொன்று, வெண்டை இரண்டு, அவ்வளவுதான். சுரைக்கும் பூசணிக்கும் அது போதாது, குறைந்தது 18 அங்குலப் பை கொடுங்கள். உங்கள் சுரை பெரிய இலையாக விட்டுவிட்டு மத்தியானம் துவண்டு விழுவதாகச் சொன்னீர்கள். தண்ணீர் ஊற்றியும் துவள்கிறதென்றால் வேருக்கு இடமில்லாதது காரணமாக இருக்கலாம்.

செம்மண் யோசனை நல்லதுதான், ஆனால் செம்மண் மட்டும் வேண்டாம். 12 அங்குலப் பை முழுக்க நனைந்த செம்மண் என்றால் 35 கிலோவை ஒட்டி வரும், கோகோபீட் கலவை ஏறத்தாழ அதில் பாதி. ஆட்கள் போய்வரும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ சுமை என்று வைத்துத்தான் ஐஎஸ் 875 என்ற இந்தியக் கட்டட விதிப்படி கணக்குப் போடுகிறார்கள். ஒரு அடி உயரத்துக்கு ஈர மண்ணைப் பரப்பினால் சதுர மீட்டருக்கு 500 கிலோ ஆகிவிடும். பைகளை மாடி நடுவில் குவிக்காமல், சுவரும் உத்தரமும் போகிற வரிசையில் வையுங்கள். பழைய வீடு என்றால் ஒரு பொறியாளரிடம் காட்டிவிடுங்கள், அது என் வேலை இல்லை. கலவைக்கு நான் சொல்வது செம்மண் ஒரு பங்கு, அலசிய கோகோபீட் ஒரு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. இப்போதுள்ள கலவையைக் கொட்ட வேண்டாம், வெயிலில் பரப்பி வேரை எடுத்துவிட்டு அதோடு மண்ணையும் எருவையும் சேர்த்தால் போதும்.

இனி என்ன செய்வது? தக்காளியைப் பிடுங்கிவிடுங்கள். சென்னையில் ஐப்பசி மழையில் தக்காளிப் பூ நனைந்து கெடும். அதனால் ஐப்பசியில் கூரை நிழலில் நாற்று விட்டு, கார்த்திகைக் கடைசியில் பைக்கு மாற்றுவதுதான் எனக்குப் பிடித்த கணக்கு, மாசியில் பறிக்கலாம். பெரியகுளத்திலிருந்து வந்த பிகேஎம் 1 என்ற தக்காளி ரகம் மாடிக்கு ஒத்துவரும். ஆடியில் வெண்டை, கொத்தவரை, அவரை, புடலை, பீர்க்கு. வெண்டைக்கு மஞ்சள் நரம்பு நோய் பெரிய தலைவலி, வெள்ளை ஈ கொண்டு வருவது, வந்தால் மருந்தில்லை, அந்தச் செடியைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். பெங்களூர் இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா இந்த நோயைத் தாங்குவதற்கென்றே வந்த ரகம். சில இடங்களில் இப்போது அதிலும் நோய் தெரிகிறது, இருந்தாலும் பெயர் தெரியாத பாக்கெட் விதையை விட மேல். வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டுச் சோப்புத் திரவம், மாலையில் இலையின் அடியில் படும்படி. பாகல் பிஞ்சு பிடித்ததும் காகித உறை மாட்டிவிட்டால் பழ ஈ குத்தாது.

விதையைப் பழைய பாக்கெட்டிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால், பத்து விதையை ஈரத் துணியில் சுற்றி வைத்து எத்தனை முளைக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆறுக்குக் கீழே என்றால் புதிதாக வாங்கிவிடுங்கள். ஆடி பிறக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. கலவையை மாற்றி ஈரம் விட்டு வைக்க அது போதுமான நேரம்.